பதினெட்டு வயதானால் பெயரை அடிப்பதா?

(குன்னூரில் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



சம்பளத்தையும் போனசையும் பஞ்சப்படியையும் பற்றிப் பேசாத தொழிலாளர் கூட்டம் இந்த மலையில் நடந்ததில்லை. இனியும் பேசத்தான் போகிறோம். ஆனால் இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நம் வீடுகளில் பதினெட்டு வயதைத் தாண்டி, இருபத்தைந்தை எட்டாமல் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் வைத்தியம் யார் பொறுப்பு? இதுதான் இன்றைய கேள்வி.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். வாலிபப் பிள்ளைக்கு என்ன நோய் வந்துவிடப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் லைன் வீடுகளில் கடன் எப்படி ஏறியது என்று விசாரித்துப் பாருங்கள். கல்யாணக் கடன் ஒன்று இருக்கும், பள்ளிக்கூடக் கடன் ஒன்று இருக்கும், அவற்றோடு ஆஸ்பத்திரிக் கடன் ஒன்றும் இருக்கும். அந்த ஆஸ்பத்திரிக் கடன் யாருக்காக வாங்கியது என்று கேளுங்கள். மகனுக்காக, மகளுக்காக என்ற பதில் பல வீடுகளில் வரும்.

பிள்ளை என்றால் யார்?

1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1954 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. துரைமார் காலத்தில் தோட்டத்துக்குள் அவர்கள் வைத்ததே சட்டம். வீடு கொடுப்பதும் பிடுங்குவதும், மருந்து கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். அந்த நிலையை மாற்றி, குடியிருப்பும் தண்ணீரும் பிள்ளைக் காப்பகமும் வைத்தியமும் தொழிலாளியின் உரிமை என்று எழுதி வைத்தது இந்தச் சட்டம். அதன் 10-வது ஷரத்து வைத்திய வசதியைப் பற்றியது. தோட்ட முதலாளி அந்த வசதியைச் செய்து தரவில்லையென்றால், தலைமை இன்ஸ்பெக்டரே அதைச் செய்து கொடுத்து, செலவை முதலாளியிடமிருந்து வசூல் செய்யலாம் என்றுகூட அதில் இருந்தது. இந்த அதிகாரத்தைப் பல இடங்களில் ஏட்டிலேயே வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தச் சட்டம் 'குடும்பம்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. மனைவி அல்லது கணவன். தொழிலாளியை நம்பியிருக்கும் பெற்றோர். நம்பியிருக்கும் விதவைச் சகோதரி. பிறகு, நம்பியிருக்கும் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு எல்லை போட்டார்கள்: பதினெட்டு வயது பூர்த்தியாகாதவர்கள்.

அதாவது தோட்டத்தின் குடும்பப் பட்டியலில் இருக்கும் பிள்ளை, பதினெட்டாவது பிறந்த நாளன்று சட்டத்தின் கண்ணில் பிள்ளையாக இருப்பது நின்று போகிறது. நேற்றுவரை தோட்ட ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிய பெண், இன்று போனால் "உன் பெயர் இல்லையே அம்மா" என்று கம்பவுண்டர் சொல்வார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. பட்டியலில் பெயர் இல்லாததற்கு அவர் என்ன செய்வார்?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பிறவியிலேயே உடல் குறையோ, மூளை வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளை ஒரு வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆனாலும் முப்பது ஆனாலும் தாயின் கைதான் துணை. மில் தொழிலாளிகளுக்கான இ.எஸ்.ஐ. சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. குறை நீடிக்கும் வரை அந்தப் பிள்ளை குடும்பத்தில் சேர்ந்ததே என்கிறது. தோட்டச் சட்டத்தில் அப்படி ஒரு வாசகம் இல்லை. பதினெட்டு என்றால் பதினெட்டுத்தான்.

ஒரே நோய், நான்கு வீடு

இந்தக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளிகள் மட்டுமல்ல, கோவை மில்களில் வேலை செய்யும் தோழர்களும், கீழே வயல் வேலை செய்யும் தோழர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு வீடுகள். நான்கு வீட்டிலும் பத்தொன்பது வயதுப் பையன். படிப்பு நின்றுவிட்டது. நிலையான வேலை கிடைக்கவில்லை. தகப்பன் சம்பாத்தியத்தில்தான் சாப்பிடுகிறான். நால்வருக்கும் ஒரே வியாதி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீடு, சென்னையில் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பவர் வீடு. மத்திய சர்க்கார் சுகாதாரத் திட்டத்தில் அவருடைய மகனுக்கு இருபத்தைந்து வயது வரை இடம் உண்டு. அதற்குள் சம்பாதிக்கத் தொடங்கினாலோ கல்யாணம் ஆனாலோதான் பெயர் எடுபடும். மகளாக இருந்தால் வயது வரம்பே இல்லை. வேலையோ கல்யாணமோ ஆகும் வரை பெயர் இருக்கும். படிக்கிறானா இல்லையா என்ற கேள்வியும் கிடையாது. மருந்தும் உண்டு, படுக்கையும் உண்டு.

இரண்டாவது வீடு, கோவையில் மில் தொழிலாளி வீடு. அவர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். 1948-ல் வந்த இந்தச் சட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் முதலில் தொடங்கி, 1955-ல் கோவைக்கு வந்தது. அவர் மகன் படித்துக்கொண்டிருந்தால் இருபத்தொரு வயது வரை வைத்தியம் உண்டு.  கல்யாணமாகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட பையன் படிக்கவில்லையே! ஆகவே அவன் பதினெட்டிலேயே வெளியே போய்விட்டான். கவனியுங்கள் தோழர்களே: கஷ்டத்தால் எவனுக்குப் படிப்பு நின்றதோ, அவனுக்கே வைத்தியமும் நிற்கிறது.

மூன்றாவது வீடு, இந்தக் குன்னூர் மலையில் கொழுந்து பறிக்கும் நம் வீடு. படித்தாலும் பதினெட்டு, படிக்காவிட்டாலும் பதினெட்டு. மகனானாலும் மகளானாலும் பதினெட்டு.

நான்காவது வீடு, விவசாயக் கூலி வீடு. அவருக்கு முதலாளி என்று ஒருவர் நிரந்தரமாக இல்லை. இன்று ஒரு வயல், நாளை ஒரு வயல். பிள்ளையின் பேச்சு இருக்கட்டும், தகப்பனுக்கே தொழில் வழியாக எந்த வைத்தியக் காப்பும் இல்லை. இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒன்றுதான்.

வியாதி ஒன்று; வயது ஒன்று; வறுமை ஒன்று. ஆனால் நான்கு வீட்டுக்கு நான்கு நீதி! மாதச் சம்பளமும் பென்ஷனும் உள்ள உத்தியோகஸ்தர் மகனுக்கு இருபத்தைந்து வயது வரை பாதுகாப்பு வேண்டும் என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. அவரும் உழைப்பாளிதான், அது அவர்கள் சங்கம் வைத்துப் போராடிப் பெற்ற உரிமை. நாம் கேட்பது இதுதான்: அவர் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை தேவைப்படும் வைத்தியம், அட்டைக் கடிக்கும் மழைக்கும் நடுவில் வளர்ந்த எங்கள் பிள்ளைக்கு மட்டும் பதினெட்டில் தேவையற்றுப் போவது எப்படி?

உயிரோடு இருந்தால் ஒன்று, செத்தால் ஒன்று

மில் தோழர்கள் இன்னொரு விநோதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளி வேலை விபத்தில் இறந்துபோனால், அவரை நம்பியிருந்தவர்களுக்கு மாதா மாதம் உதவித் தொகை உண்டு. அந்தத் தொகைக்கு மகன் எந்த வயது வரை உரியவன்? இருபத்தைந்து வயது வரை. 2010-ம் ஆண்டுத் திருத்தம் இதைச் சொன்னது. 2020-ல் எழுதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே இருபத்தைந்தை வைத்திருக்கிறது.

தகப்பன் செத்தால், இருபத்தைந்து வயது வரை மகன் தன் காலில் நிற்க முடியாதவன் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதே தகப்பன் உயிரோடு தறியடியில் நின்றுகொண்டிருந்தால், அதே மகனுக்கு, படித்தால் இருபத்தொன்று, படிக்காவிட்டால் பதினெட்டு என்கிறது. ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்கள் இவை. இருபத்தைந்து என்ற எண்ணை நாம் ஆகாயத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை. அவர்களுடைய சட்டத்திலிருந்தே எடுத்துக் காட்டுகிறோம்.

இந்த வயது எப்படிப்பட்ட வயது?

பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? தோட்டத்தில் நிரந்தரப் பேர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பலர் விரும்புவதில்லை. திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போகிறார்கள். மூன்று மாதம் ஒரு கம்பெனி, ஆறு மாதம் ஒரு கடை. காண்டிராக்டர் கொடுக்கும் வேலையில் சம்பளச் சீட்டு இல்லை, இ.எஸ்.ஐ. அட்டை இல்லை. வேலை போனால் திரும்ப மலை ஏறி அம்மாவின் லைன் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். சிலர் ஊட்டியிலும் கூடலூரிலும் கல்லூரி போகிறார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்று சட்டம் பேசியதெல்லாம் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரைக்கும்தான். அதற்குமேல் பஸ் ஏறிப் படித்துக் கல்லூரி வரை போன பிள்ளைக்கு, கல்லூரி வாசலை மிதிக்கும் அதே வயதில் ஆஸ்பத்திரி வாசல் சாத்தப்படுகிறது.

வாலிபருக்கு நோய் வராது என்பது தவறு. மலைப் பாதையில் மோட்டார் சைக்கிள் விபத்து இந்த வயதுக்காரருக்கு வருவது. மனநோய்களில் பல முதன்முதலில் தலைகாட்டுவது இந்த வயதில்தான். முதல் பிரசவம் பெரும்பாலும் இந்த வயதில். சிறு வயதிலேயே இன்சுலின் ஊசி தேவைப்படும் நீரிழிவு வந்த பிள்ளைக்கும், வலிப்பு உள்ள பிள்ளைக்கும் பதினெட்டு வயதில் நோய் விடைபெற்றுக்கொண்டு போய்விடுமா? கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆதிவாசி மக்களிடையே அரிவாள் செல் சோகை என்ற இரத்த நோய் உண்டு. அது பரம்பரையாக வருவது; ஆயுள் முழுவதும் கூடவே இருப்பது. நோய்க்குப் பிறந்த நாள் தெரியாது, தோழர்களே!

சொல்லப்படும் சமாதானங்கள்

நாம் இந்தக் கோரிக்கையை எழுப்பினால் என்ன பதில் வரும் என்று நமக்குத் தெரியும்.

முதல் பதில்: "பதினெட்டு ஆனவன் மேஜர். அவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்." வேலை கொடுங்கள், பார்த்துக்கொள்வான். ஓட்டுப் போடும் வயது வந்ததால் வயிற்றுக்கு வழி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சம்பாதிக்கும் பிள்ளையையும் சேர்க்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. பெற்றோரை நம்பியிருக்கும் பிள்ளையைத்தான் கேட்கிறோம்.

இரண்டாவது பதில்: "செலவு தாங்காது." இன்ஷூரன்ஸ் என்பது என்ன? நோயில்லாத பலர் சேர்ந்து நோய்ப்பட்ட சிலரைத் தாங்குவது. அந்தக் கூட்டத்தில் வாலிபர்களைச் சேர்த்தால் செலவு மற்ற வயதினரைவிடக் குறைவாகத்தான் ஏறும். ஏனென்றால் வாலிபர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. வருகிற சிலருக்குத்தான் ஆபத்து பெரிதாக இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் சந்தா சம்பளத்தின் விகிதப்படிதான். குடும்பத்தில் எத்தனை தலை என்று எண்ணி வசூலிப்பதில்லை. நிதி போதாது என்பதும் எடுபடாது. 2019 ஜூலையில் முதலாளிகளின் பங்கை 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகவும், தொழிலாளியின் பங்கை 1.75-லிருந்து 0.75 ஆகவும் சர்க்கார் குறைத்தது. நூறு ரூபாய்க்கு ஆறரை ரூபாய் வந்த இடத்தில் நான்கு ரூபாய் போதும் என்று சொன்னவர்கள், வாலிபப் பிள்ளைக்குக் காப்புக் கேட்டால் மட்டும் பணமில்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

மூன்றாவது பதில்: "சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறதே, காப்பீட்டு அட்டை இருக்கிறதே." இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை நாம் வரவேற்கிறோம். ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புதிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. குன்னூரில் லாலி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். சேரம்பாடி, பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அதற்கும் மேலே. நள்ளிரவில், மழையில், யானை நடமாடும் பாதையில் அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டும். கூடப் போகும் தாய்க்கும் தகப்பனுக்கும் பேர் போகும். பெரிய ஆஸ்பத்திரி கடைசிக் கதவாக இருக்க வேண்டும். முதல் கதவு லைன் வீட்டுக்குப் பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். அந்த முதல் கதவைத்தான் பதினெட்டில் சாத்துகிறார்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை, அல்லது வேலையோ கல்யாணமோ ஆகும் வரை, இடம் உண்டு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இது நல்ல விஷயம். இந்த மாநிலத்தின் சர்க்காரே இருபத்தைந்து என்ற கணக்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்துகொள்ளும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கே அட்டை பயன்படும். மாதா மாதம் வாங்கும் மருந்துக்கு உதவாது. இரண்டு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். புருஷனும் மனைவியும் தோட்டத்தில் பேர் போட்டு, ஆளுக்கு 300 நாள் வேலை செய்தால், தலைக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வந்தாலே அந்த எல்லை தொட்டுவிடும். இன்று நம் சட்டக் கூலி அதற்கு மேலே இருக்கிறது. இரண்டு பேர் உழைக்கும் தோட்டக் குடும்பம், இந்த அட்டைக்கு 'பணக்காரக் குடும்பம்' ஆகிவிடுகிறது! தோட்ட ஆஸ்பத்திரி வயதைக் காட்டித் தள்ளுகிறது. அட்டை வருமானத்தைக் காட்டித் தள்ளுகிறது. இரண்டு கதவுக்கும் நடுவில் நம் பிள்ளை நிற்கிறது.

உலக அனுபவம் என்ன சொல்கிறது?

வைத்தியத்தை வியாபாரமாக நடத்துவதில் அமெரிக்காவுக்கு மிஞ்சிய நாடு இல்லை. அங்கே பெற்றோருடைய இன்ஷூரன்சில் இருந்த பிள்ளையைப் பத்தொன்பது வயதிலோ, படிக்கும் பிள்ளையானால் இரண்டு மூன்று வருஷம் கழித்தோ தள்ளிவிடுவது கம்பெனிகளின் வழக்கமாக இருந்தது. 2010-ல் ஒபாமா காலத்தில் வந்த சட்டம் அதை மாற்றியது. பெற்றோருடைய இன்ஷூரன்சில் பிள்ளைக்கு இருபத்தாறு வயது வரை இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. படிக்கிறாரா, கல்யாணம் ஆயிற்றா, தனி வீட்டில் இருக்கிறாரா என்ற கேள்விகளெல்லாம் கிடையாது. லட்சக்கணக்கான வாலிபர்கள் அதனால் பாதுகாப்புப் பெற்றார்கள். கம்பெனிகள் அதனால் திவாலாகிவிடவில்லை.

ஆனால் அந்த அனுபவத்தில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. பெற்றோருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால்தானே பிள்ளைக்கு நீட்ட முடியும்? தகப்பனுக்கே இல்லாத குடையைப் பிள்ளை மேல் எப்படிப் பிடிப்பது? அமெரிக்காவில் ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த ஷரத்து உதவவில்லை என்றால், காரணம் இதுதான். நம் விவசாயக் கூலித் தோழரின் நிலையும் இதுவே. இந்த மலையில் சிறு தேயிலை விவசாயிகளின் நிலத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் நிலையும் இதுவே. 1951-ம் ஆண்டுச் சட்டம், 1981-ல் திருத்திய பிறகும், ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளிகளும் உள்ள தோட்டத்தைத்தான் தோட்டம் என்றது. அரை ஏக்கரிலும் இரண்டு ஏக்கரிலும் கூலிக்குப் போகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

பிரிட்டனில் 1948-ல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோது இந்த வயதுத் தகராறே எழவில்லை. ஏனென்றால் அங்கே வைத்தியம் தகப்பன் வேலையைத் தொற்றிக்கொண்டு வருவதல்ல. நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் உரியது. நம் கடைசி லட்சியமும் அதுதான். ஆனால் அந்த நாள் வரும் வரை பிள்ளையை வாசலில் நிறுத்தி வைக்க முடியாது. எனவே இருக்கும் குடையை அகலப்படுத்த வேண்டும். குடையே இல்லாதவருக்குக் குடை கொடுக்க வேண்டும். இரண்டு கோரிக்கையும் சேர்ந்தே போக வேண்டும். தோட்டத் தொழிலாளி தன் பிள்ளையை மட்டும் நினைத்துக் கூலித் தோழரை மறந்தால், நம் கோரிக்கைக்குப் பலம் இராது.

புதிய சட்டத்தில் என்ன இருக்கிறது?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்களை இந்த நான்குக்குள் அடக்கியிருக்கிறார்கள். 1951-ம் ஆண்டுத் தோட்டச் சட்டமும் அதில் அடங்கிவிட்டது. இந்தத் தொகுப்புகளைப் பற்றித் தொழிற்சங்கங்கள் எழுப்பும் ஆட்சேபங்கள் பல. அவற்றையெல்லாம் இங்கே சொல்ல நேரமில்லை. நம் விஷயத்தை மட்டும் பார்ப்போம்.

எழுபது வருஷத்துக்குப் பிறகு புதிதாக எழுத உட்கார்ந்தவர்கள், தோட்டத் தொழிலாளியின் குடும்பத்தில் தாத்தா பாட்டியையும் விதவை மகளையும் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் பிள்ளையின் வயதைப் பதினெட்டிலேயே விட்டுவிட்டார்கள். பேனா கையில் இருந்தது, காகிதம் முன்னால் இருந்தது. இருந்தும் அந்த எண்ணைத் தொடவில்லை.

வைத்திய விஷயத்தில் புதிதாக ஒரு வழி திறந்திருக்கிறது. தோட்ட முதலாளி தானே வைத்திய வசதி செய்து தரலாம். அல்லது தொழிலாளிகளை இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம். இ.எஸ்.ஐ.யில் சேர விரும்புவதாக எழுதிக் கொடுக்கும் உரிமை முதலாளிக்கு, தொழிலாளிக்கு அல்ல. இது ஒரு வகையில் லாபமாகவும் படலாம். இ.எஸ்.ஐ. வந்தால் கல்லூரி போகும் பிள்ளைக்கு இருபத்தொன்று வரை, கல்யாணமாகாத மகளுக்கு வயது வரம்பின்றி வைத்தியம் கிடைக்கும். குறையுள்ள பிள்ளையும் உள்ளே வரும். ஆனால் நிதானமாக யோசிக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யின் பெரிய ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே, கோவை சிங்காநல்லூரில் இருக்கிறது. அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுத் தோட்ட ஆஸ்பத்திரியைப் பூட்டினால், இரவில் பாம்பு கடித்தவனை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? இதுவரை வைத்தியத்துக்கென்று நம் கூலியில் பிடித்தமில்லை, இ.எஸ்.ஐ. வந்தால் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிப்பார்கள். ஆகவே எந்தத் தோட்டத்திலாவது இ.எஸ்.ஐ.க்கு மாறப் போவதாகப் பேச்சு வந்தால், சங்கத்தைக் கேட்காமல் தலையாட்டிவிடக் கூடாது. தோட்ட ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், அதற்கு மேலே இ.எஸ்.ஐ. வர வேண்டும். ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பதை ஏற்க முடியாது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே, குறையைச் சொல்லிவிட்டுக் கலைந்து போவதற்கு நாம் கூடவில்லை. செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, நாளையே செய்யக்கூடியது. ஒவ்வொரு லைனிலும் வீடு வீடாகப் போய், பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை உள்ள பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். வருமானம் எல்லைக்குள் இருக்கும் குடும்பங்களுக்குக் கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று வாங்கி, காப்பீட்டு அட்டை எடுத்துக் கொடுங்கள். அட்டை உள்ள வீடுகளில் பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போயிருந்தால் உடனே சேருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு இதைச் செய்ய முடியாது.

இரண்டாவது, மில் தோழர்கள் செய்ய வேண்டியது. மகன் கல்லூரியில் இருந்தால், படிப்புச் சான்றைக் கொடுத்து இ.எஸ்.ஐ. பதிவில் அவன் பெயர் இருபத்தொன்று வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகாத மகளின் பெயரை வயதைக் காட்டி எடுத்திருந்தால் கேள்வி கேளுங்கள். இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறவனுக்குத்தான் அடுத்த உரிமையைக் கேட்கும் பலம் வரும்.

மூன்றாவது, ஒப்பந்தம். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதைவிட மேலானதை முதலாளிகளோடு பேசிப் பெறுவதற்குத் தடை ஏதுமில்லை. அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில், 'பெற்றோரை நம்பியிருக்கும் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை தோட்ட ஆஸ்பத்திரியில் வைத்தியம். உடல், மூளைக் குறையுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுவதும்' என்ற கோரிக்கை பட்டியலில் இடம்பெற வேண்டும். கூலியில் நாலு ரூபாய் ஏற்றும்போது இதை விட்டுக்கொடுத்துவிட்டு வரக் கூடாது.

நான்காவது, மாநில சர்க்காரிடம் ஒரு கேள்வி. டான்டீ யாருடைய தோட்டம்? 1964-ம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட நம் மக்களுக்கு வாழ்வு கொடுப்பதற்கென்று சர்க்கார் உண்டாக்கிய தோட்டம். அங்கே துரையும் இல்லை, தனி முதலாளியும் இல்லை, சர்க்காரே முதலாளி. அந்தச் சர்க்கார் தன் அலுவலக ஊழியரின் காப்பீட்டுத் திட்டத்தில் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை இடம் கொடுக்கிறது. தன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு ஏன் கொடுக்கக் கூடாது? அக்கரையில் பாட்டன் நட்ட செடியையும் இக்கரையில் தகப்பன் நட்ட செடியையும் விட்டால் வேறு சொத்தில்லாத பிள்ளைகள் அவர்கள். சர்க்கார் முதலில் தன் வீட்டில் ஆரம்பிக்கட்டும். டான்டீயில் இருபத்தைந்து என்று எழுதட்டும். பிறகு மற்ற தோட்ட முதலாளிகளிடம் பேசுவது நமக்குச் சுலபமாகும்.

ஐந்தாவது, காப்பீட்டு அட்டைக்கான வருமான எல்லை உயர வேண்டும். இரண்டு பேர் உழைக்கிறார்கள் என்ற குற்றத்துக்காக ஒரு தோட்டக் குடும்பமோ கூலிக் குடும்பமோ வெளியே தள்ளப்படக் கூடாது. மாதாந்திர மருந்துச் செலவுக்கும் அட்டையில் வழி செய்ய வேண்டும்.

இந்த ஐந்தும் ஆகாத காரியங்கள் அல்ல. கூடலூரில் ஆதிவாசி மக்கள், நிலமும் இல்லாமல் நிரந்தர வேலையும் இல்லாமல், தங்களுக்கென்று சங்கமும் ஆஸ்பத்திரியும் கண்டு, 1990-களிலேயே கூட்டாக மருத்துவக் காப்பீட்டை நடத்திக் காட்டினார்கள். காட்டோரத்துக் குடிசை மக்களால் முடிந்தது, சங்கமும் ஒப்பந்தமும் உள்ள நம்மால் முடியாதா?

தோழர்களே! ஒரு தகப்பன் முப்பது வருஷம் கவாத்து வெட்டுகிறான். ஒரு தாய் முப்பது வருஷம் முதுகில் கூடை சுமக்கிறாள். எதற்காக என்று கேட்டால் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பிள்ளைக்காக. இந்த உழைப்பை முப்பது வருஷம் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள், அந்தப் பிள்ளையைப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் குடும்பத்தில் எண்ண மாட்டோம் என்கிறார்கள். அந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

அடித்த பெயரைத் திரும்ப எழுத வைப்போம். தோட்டமும் மில்லும் வயலும் ஒரே குரலில் கேட்டால், எழுதாமல் இருக்க அவர்களால் முடியாது.